ஃபிளைட் மோடில் ஒரு வேன்

சிக்னல் இல்லையே என்று புலம்புகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். சிக்னல் இருக்கிறதே என்று கவலைப்பட்ட மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தத் தீவிலேயே அப்படி ஒருவர்தான் உண்டு. அவருடைய வேனில்தான் நான் ஐந்து வருடம் பாடசாலைக்குப் போய் வந்தேன். பெயர் டவுன்லோட் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வாப்பா வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கத்தான் வேண்டும். அது எங்களுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

மடுல்கெல்லவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கண்டி டவுனில் இருந்து போகிற ஆசிரியர்கள் நாங்கள் ஐந்து பேர். காலை ஆறு மணிக்கு மஹய்யாவயில் என்னை ஏற்றுவார். வத்தேகம வரைக்கும் சிக்னலுக்குக் குறைவில்லை. பன்வில தாண்டினால் அது திக்கித் திணறும். அதற்கும் மேலே ஏறினால் தேயிலையும் பனியும் நாங்களும்தான். ரேடியோ கூட இரைச்சல் மட்டுமே போடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் நானா மாதச் சந்தா கட்டி ஒரு பாட்டு ஆப்பை எடுத்தார்.

எடுத்த கையோடு ஒரு பழைய போனைப் பாட்டுக்கென்றே ஒதுக்கினார். சீ.ஆர். கொப்பி என்கிற கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கி, எங்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு பக்கம் பிரித்தார். வேண்டிய பாட்டை வியாழக்கிழமைக்குள் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு பகல் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து இறக்குவார். அந்த நேரம் வீட்டில் டீவி போடக்கூடாது, யாரும் வீடியோ பார்க்கக்கூடாது. திங்கள் காலை வேனில் ஏறினால் ஆளுக்கொரு லிஸ்ட் தயாராக இருக்கும். அதிலும் எந்தப் பாட்டு எந்த வளைவில் என்று அவரிடம் ஒரு திட்டம் உண்டு. ஏற்றத்தில் ஒருநாள் நான் ஒரு மெல்லிய பாட்டைப் போடச் சொல்லிவிட்டேன்.

"ஏத்தத்துல அத போட ஏலாது டீச்சர். வேன் இழுக்குதில்ல."

"பாட்டுக்கும் வேனுக்கும் என்ன நானா சம்பந்தம்?"

"ஒங்களுக்கு வெளங்காது. எஞ்சினுக்கு வெளங்கும்."

அடுத்த வளைவில் மேளம் அதிர ஒரு குத்துப்பாட்டுப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், வேன் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறியது.

அவருக்கும் சிக்னலுக்கும் பகை வந்தது வத்தேகமயில். அந்தக் காலத்தில் பாட்டுப் போனிலும் ஒரு சிம் இருந்தது. வத்தேகம டவுனுக்குள் நுழைந்தால் போதும், பாடிக்கொண்டிருக்கிற பாட்டு பாதியில் நின்றுவிடும். வேனைத் தட்டினார், ஸ்பீக்கரைத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் ஐந்து பேரில் ஒருவரான கணக்கு சேர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் வாசிக்காமல் விடமாட்டார்.

"நானா, இது ஒரு கணக்கில ஒரு நேரத்தில ஓரிடத்திலதான் பாடும். வீட்டில ஆரோ இதே கணக்கில பாட்டுக் கேக்கினம்."

நானா வேனை ஓரம் கட்டிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"ஒங்கட பாட்ட நிப்பாட்டுங்க, நான் வளைவுல ஈக்கிறேன்!"

"நான் அடுப்படியில ஈக்கிறேன், ரொட்டி கருகுது. நீங்க நிப்பாட்டுங்க!"

இது தினமும் நடந்தது. சரியாக அவருக்கு வத்தேகம வருகிற நேரம்தான் அவருடைய வீட்டில் ரொட்டி சுடுகிற நேரம். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, போனை ஃபிளைட் மோடில் போட்டால் இறக்கிய பாட்டுகள் யார் தடுத்தாலும் பாடும் என்று கண்டுகொண்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றே சிம்மைக் கழற்றினார். அந்த ஞாயிறு ஒரே மூச்சில் நானூறு பாட்டு இறக்கினார். போனைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, டாஷ்போர்ட் லாச்சிக்குள் வைத்து மூடினார்.

"இனி இந்த போன் நெட்ட கண்ணால காணாது. நெட் பட்டா பாட்டு கெட்டுப் பெய்த்திரும்."

கணக்கு சேர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நானா, அதில சின்ன எழுத்தில போட்டிருக்கு. மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் நெட்டில இணைக்க வேணும். இல்லாட்டி இறக்கின பாட்டெல்லாம் பூட்டுப்பட்டுப் போகும்."

"சேர், நான் சந்தா கட்டீக்கிறேன். கட்டின பாட்ட யாரு பூட்டுற?"

அந்தப் பள்ளித் தவணையில்தான் எங்கள் பரிசளிப்பு விழா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நான் ஒரு கோலாட்டம் பழக்கினேன். அதற்கான பாட்டும் அந்த நானூறில் கடைசியாக இருந்தது. பாடசாலை ஸ்பீக்கர் செத்து ஒரு வருடம். ஆகவே நானா வேனை மைதானத்தில் நிறுத்தி, கதவுகளை அகலத் திறந்து, பாட்டைப் போடுவார். பிள்ளைகள் வேனைப் பார்த்து ஆடுவார்கள். ஒவ்வொரு நாளும், ஒரு மாதம். அந்த எட்டுப் பேரில் ஒருத்தியும் அதற்கு முன் எந்த விழாவிலும் ஆடியதில்லை. நானாவுக்கு அடவெல்லாம் பாடமாகிவிட்டது. ஸ்டியரிங்கில் விரலால் தட்டி, "மூணாவது புள்ள பிந்துது டீச்சர்" என்று என்னைத் திருத்துகிற அளவுக்கு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை பிரமாதம். விழா திங்கட்கிழமை. கொழுந்து பறிக்கிற அம்மாமார் அரை நாள் வேலையை விட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரதம விருந்தினர் பதினொரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். பத்தேகாலுக்கு நான் நானாவிடம் போய், பாட்டை ஒருமுறை பார்த்துவிடச் சொன்னேன். அவர் கைலேஞ்சியைப் பிரித்தார். தொட்டார். பாடவில்லை. நானூறு பாட்டும் பெயர் மங்கிப் போய்க் கிடந்தன. கணக்கு சேர் சொன்ன மாதம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருந்தது.

நானாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "யா அல்லாஹ், புள்ளைகளுக்கு நான் என்ன செல்லுவேன்?" என்றார்.

"ஏறுங்க நானா!" என்று நானே முன் சீட்டில் ஏறிவிட்டேன்.

சிக்னல் கிடைக்கிற மிக அருகான இடம் இரண்டு மைல் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவத்தை அடுத்த வளைவு. போகும்போதே கணக்கு சேரிடம், அதிபரை நீளமாகப் பேசச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டுப் போனேன். எங்கள் அதிபர் மைக்கைப் பிடித்தால் முக்கால் மணி நேரம் விடமாட்டார், அந்தப் பயமே எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்து, விருந்தினரின் நேரத்தை மதித்து மனிதர் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டார்! வேறு வழியின்றிக் கணக்கு சேர் மேடையேறி, முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மனக்கணக்குப் போட்டாராம். பிரதம விருந்தினருக்கு இரண்டு விடை பிழையாகப் போனதாகக் கேள்வி.

வளைவில் என் போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். அதில் இருந்து பாட்டுப் போனுக்கு நெட்டைக் கொடுத்தோம். நானூறு பாட்டும் முதலில் இருந்து வரிசையாக இறங்கத் தொடங்கின. முதலில் நானாவின் லிஸ்ட், அடுத்து எங்கள் ஐந்து பேருடையது, ஆகக் கடைசியில் பிள்ளைகளுடைய பாட்டு.

"இப்பிடிப் போனா பொங்கலுக்குத்தான் வரும் நானா. முன்னால இருக்கிறத எல்லாம் அழிங்க!"

தன்னுடைய லிஸ்டை ஒரே தட்டில் அழித்தார். யோசிக்கக்கூட இல்லை. அடுத்து என் லிஸ்ட் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது டீச்சர்ட. இத எப்பிடி அழிக்கிற?"

"என் பாட்டுத்தானே, நான் சொல்றேன், அழிங்க!"

"அடுத்தது சேர்ட. அவருட்ட கேக்காம..."

போனைப் பிடுங்கி நானே அழித்தேன். ஐந்து லிஸ்டும் போயின. பிள்ளைகளின் பாட்டு மெல்ல அசைந்தது. பாதி. முக்கால். இறங்கி முடிந்ததற்கான பச்சை அம்புக்குறி விழுந்ததும் நானா போட்ட சத்தத்தில் மடுவத்தில் இருந்த கங்காணி வெளியே ஓடி வந்துவிட்டார். அந்தப் பரபரப்பிலும் நானா முதலில் செய்தது என்ன தெரியுமா? ஃபிளைட் மோடைப் போட்டதுதான்.

திரும்பி ஏறும்போது நானா எந்த வளைவிலும் பிரேக்கைத் தொடவில்லை. கேட்டுக்குள் ஹோர்ன் அடித்தபடி நுழைந்தோம். விருந்தினர் கதிரையை விட்டு எழுந்து தன் காருக்கு வந்துவிட்டார். நானா நேரே போய் அந்தக் காருக்குக் குறுக்கே வேனை நிறுத்தினார். வேண்டுமென்று செய்தாரா, பிரேக் அவ்வளவுதான் பிடித்ததா என்று இன்றுவரை சொல்லவில்லை. கதவுகளைத் திறந்தார். பாட்டுக் கிளம்பியது.

"நானா வண்டி வந்திருச்சு!" என்று மேடையில் இருந்து எட்டுப் பேரும் குதித்து ஓடிவந்தார்கள். பழகியது வேனைப் பார்த்துத்தானே. மைதானத்திலேயே, வேனுக்கு முன்னால், கோல்கள் சடசடக்க ஆடத் தொடங்கிவிட்டார்கள். சபை முழுக்கக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது. அம்மாமார் எழுந்து நின்றே பார்த்தார்கள். விருந்தினரும் நின்று பார்த்தார், பிறகு கை தட்டினார், பிறகு இன்னொரு தடவை ஆடச் சொன்னார். மூன்றாவது பிள்ளை அன்றைக்குப் பிந்தவே இல்லை. நானா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த ஞாயிறு, கொப்பியைப் பார்த்து எங்கள் ஐந்து பேரின் பாட்டுகளையும் மறுபடி இறக்கிவிட்டார். அவருடைய லிஸ்ட் மட்டும் திரும்பவில்லை. அதை அவர் கொப்பியில் எழுதியதே இல்லை. கேட்டதற்கு, "எனக்கென்ன டீச்சர், நாள் முழுக்க ஒங்கட பாட்டுத்தானே கேக்குறேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எந்த வளைவில் எதை முணுமுணுக்கிறார் என்று நாங்கள் ஐந்து பேரும் உளவு பார்த்து, இரண்டு வாரத்தில் ஐம்பது பாட்டைக் கண்டுபிடித்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நானா' என்று தலைப்புப் போட்டு எழுதிக் கொடுத்தோம். அவர் அதை வாசித்துவிட்டு, கொப்பியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பாட்டுப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

போன வருடம் எனக்குக் கண்டிக்கே இடமாற்றம் கிடைத்தது. நானா இன்றும் அதே ஐந்து சீட்டோடு மலை ஏறுகிறார், என் இடத்தில் வேறொரு டீச்சர். எனக்கு இப்போது பாடசாலை பத்து நிமிட நடை, வழி நெடுக முழுச் சிக்னல். இருந்தாலும் அந்த ஐம்பது பாட்டையும் என் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். ஃபிளைட் மோடில் போட்டுத்தான் கேட்கிறேன். மாதம் பிறந்தால் ஒருமுறை மறக்காமல் நெட்டை இணைத்து, 'நானா' என்ற அந்த லிஸ்டைத் திறந்து பார்த்துவிடுகிறேன். வேறு எது போனாலும் போகட்டும், அவர் என்னிடம் பூட்டுப்பட்டுப் போகக்கூடாது.