பக்கத்து மேஜைக்காரரின் பெருமூச்சு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். தாங்களும் அக்காவும் சுகம்தான் என்று நம்பியே மேற்கொண்டு எழுதுகிறேன். எதற்கும் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

தாங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த வேலையை, பத்தொன்பது வருடம் பார்த்த பிறகு, போன செவ்வாய்க்கிழமை ராஜினாமா செய்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எடை எந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர், ஒரே வரிசையில் ஐந்து மேஜை. ஐந்தாவது மேஜைக்கு ஆறு மாதம் முன்பு ஒருவர் வந்தார். என் பக்கத்து மேஜை. நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பெட்டியோடு வண்டியைத் தவறவிட்டவன் விடுவானே, அந்த மாதிரி. பத்து நிமிடத்துக்கு ஒன்று. மறுநாள் நானும் விட ஆரம்பித்தேன். அதற்கடுத்த நாள் தட்டச்சு அம்மாள். வாரக் கடைசிக்குள் வரிசை முழுவதும் கொல்லன் துருத்தி மாதிரி ஆகிவிட்டது. ஒரு கடைக்காரர் போனில் தராசு இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது என்றார். "வாழ்க்கையில எதுதாங்க சரியா காட்டுது?" என்று கேட்டு வைத்துவிட்டேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னங்க, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் உங்கள் தங்கச்சி.

"இல்ல, நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்னு யோசிக்கிறேன்."

"நான் துணி காயப்போட இருக்கேன். உங்களைப் பத்தித் தெரியல."

மூன்றாவது வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மேனேஜர் அம்மா அதைப் படித்து, தாமும் ஒரு பெருமூச்சு விட்டு, காரணம்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அது அந்த வாரத்தின் நாலாவது கடிதமாம்.

அடையாள அட்டையை ஒப்படைக்கப் போன அன்று மனது கேட்காமல் பக்கத்து மேஜைக்காரரிடம், "தம்பி, உங்களுக்கு அப்படி என்னதான் கவலை?" என்றேன்.

"கவலையா? புது ஷூ சார், ஒரு சைஸ் சின்னது. பில்லு தொலைஞ்சு போச்சு, மாத்தித் தரமாட்டேன்னுட்டான். நேத்துதான் வேற வாங்கினேன்" என்று காலை நீட்டிக் காட்டினார். பிரிவில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் என்பதால் இப்போது அவர்தான் சூப்பர்வைசர். சீட்டியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தான், நான் வருத்தப்படவில்லை. ஒரு வாரமாக வீட்டில் தனியாக உட்கார்ந்து என் மூளையால் மட்டுமே யோசித்து முடிவெடுத்திருக்கிறேன்: வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன். அடுத்தவன் மூஞ்சியைப் பார்த்து நான் பிழைத்தது போதும். தாங்களும் என்னைச் சமாதானப்படுத்த வரவேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள
மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது தட்டச்சு அம்மாள் போன் செய்தார். எங்கள் நாலு பேரையும் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறதாம், மற்ற மூவரும் நாளைக் காலை சேர்கிறார்களாம். நானும் போகிறேன், சட்டைக்கு இஸ்திரி ஆகிக்கொண்டிருக்கிறது. யார் முதலில் சம்மதித்தது என்று கேட்டேன். "நீங்கதான்னு சொன்னாங்களே சார், அதை வச்சுத்தானே நாங்கெல்லாம் சரின்னோம்!" என்றார்.