பூட்டில்லாத வைஃபை

"இணைந்தது. இணையம் இல்லை" என்று காரின் திரை நான்காவது முறையாகக் காட்டியது.

சபரிநாதன் விடுவதாக இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டி கொண்டுபோய் ஆறு மாநிலத்தில் பாறையைக் குடைந்தவர். மறுநாள் காலை ஓமலூரில் மகள் கனிஷ்காவுக்கு நிச்சயதார்த்தம். புது மின்சாரக் காரோ, வீட்டு வைஃபையில் அப்டேட்டை இறக்கினால்தான் சார்ஜ் ஏற்றிக்கொள்வேன் என்று அடம்பிடித்தது.

"ஏனுங்க, வாடகை வண்டி சொல்லிப்போடலாமுங்களா?" என்றாள் மனைவி சித்ரா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன்ற டிவிக்கு நெட்டு வருது, என்ற போனுக்கு வருது. காருக்கு மட்டும் வராம எங்க போயிரும்?"

சிக்னல் எட்டவில்லை போலும் என்று காரை ஜன்னலோரமாகப் பின்னுக்கு எடுத்தார். செம்பருத்தித் தொட்டி நொறுங்கியது. ரூட்டரையே ஒயரோடு இழுத்துவந்து முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டார். திரையில் அதே வாசகம்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார்.

"பக்கத்துல பாஸ்வேர்டு இல்லாத வைஃபை, கேமரா ஏதாச்சும் இருந்தா குழப்புமுங்க சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

தேடிப் பார்த்தார். பக்கத்து வீட்டு செபஸ்தியானின் கேமரா, ஸ்மார்ட் பல்பு, வைஃபை மூன்றும் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்தன. வைஃபையின் பெயரும் இவர் வீட்டுடையதைப் போலவே 'ஹோம்'. கேபிள்கார அன்பு தெரு முழுக்க அந்த ஒரே பெயரைத்தான் வைத்திருந்தான். கார் குழம்பாமல் என்ன செய்யும்?

நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க செபஸ்தியான், ஊட்டுக் கதவையும் இப்படித்தான் தொறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா? எவன் வேணாலும் உள்ள பூந்துக்குவான்."

"இதுக்கெல்லாம் பூட்டு இருக்குதுங்களா?" என்றார் செபஸ்தியான், மிரண்டுபோய்.

சபரிநாதன் அங்கேயே உட்கார்ந்து மூன்றுக்கும் பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு போட்டார். பல்பு மட்டும் அதன்பிறகு அணைய மறுத்தது. அதற்காக அவர் அசரவில்லை.

நிமிர்ந்த நெஞ்சோடு வீடு திரும்பினால், டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் வாட்ஸ்அப் நின்றிருந்தது. காரில் மாற்றமே இல்லை.

"நல்லா இருந்த டிவியையும் கெடுத்துப்போட்டீங்க," என்றாள் சித்ரா.

அன்பை வரவழைத்தார். அவன் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினான். கொஞ்ச நேரம் எதையோ கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே சொன்னான்:

"அண்ணா, உங்க ஒயரு போன ஆடிக் காத்துலயே அந்து தொங்குதுங்க, இத்தன நாளா உங்க ஊட்டுல ஓடுனது செபஸ்தியான் அண்ணன் வைஃபைங்க."