மூடாத கம்ப்ளைண்ட்

நன்றாக ஓடும் மெஷினுக்கு ரிப்பேர் என்று புகார் கொடுத்துவிட்டு, அதை யாராவது சரிசெய்து தொலைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்த ஒரே மனிதர், இந்தப் பூமியில் எங்கள் கம்ப்ளைண்ட் மாமுதான்.

திருவொற்றியூரில் நான் குமாஸ்தாவாக இருந்த குழாய்க் கம்பெனியில் அவர் கம்ப்யூட்டர் ரூம் ஆபரேட்டர். பீரோ உயரத்துக்கு ஒரு சர்வர். கம்பெனியின் மொத்த விவரமும் அதிலிருந்த டேட்டாபேஸில். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டிய காலோடு யாரும் உள்ளே நுழைய முடியாது. மேனேஜரையே கால் கழுவிக்கொண்டு வரச்சொன்ன ஆள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அவர் தலையில் இடி விழுந்தது. அந்த வகை சர்வருக்கு வருஷக் கடைசியோடு சப்போர்ட் கிடையாது என்று டேட்டாபேஸ் கம்பெனி கைகழுவிவிட்டது. மேனேஜர் சின்னதாக ஒரு புது மெஷின் வாங்கினார். அதை வெளியாட்கள் பார்த்துக்கொள்வார்களாம். ஐம்பதைத் தாண்டிய மாமு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தினம் ஒரு தொழிற்சாலை பூட்டுகிற ஏரியாவில் அவருக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

மாமு ஒரு வழி கண்டுபிடித்தார். கெடுவுக்குள் வந்த புகாரை, கெடு தாண்டினாலும் முடித்துத் தர வேண்டும் என்பது டேட்டாபேஸ் கம்பெனியின் விதி. கடைசி நாளில் போன் போட்டு, டேட்டா அவ்வப்போது தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு பொய்யைப் பதிவு செய்தார். சந்தேகமான டேட்டாவைப் புது மெஷினுக்கு மாற்ற மேனேஜருக்குப் பயம். புது மெஷின் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

வாராவாரம் பெங்களூரிலிருந்து சப்போர்ட் பெண் கூப்பிடுவாள். அவளுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்.

"சார், இப்பச் சரியாயிடுச்சுங்களா? கம்ப்ளைண்ட்டை மூடிறலாங்களா?"

"இன்னாம்மா அவசரம்? காலைல நல்லாத்தான் கீது. மத்தியானம் இன்னா பண்ணுதுனு பாக்கணும்ல."

இன்னொரு வாரம் அமாவாசை தாண்டட்டும் என்பார். அப்புறம், "ஆடி பொறந்துகீதும்மா. ஆடில போய் எதையாவது முடிப்பாங்களா?" கேன்டீனில் எங்களுக்குச் சிரித்து மாளாது.

ஐப்பசி மழையில் சர்வர் நிஜமாகவே படுத்துவிட்டது. துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது. கேட் பாஸ் அடிக்க முடியாமல் எங்கள் குழாய் லாரிகள் சாத்தாங்காடு வரை நிற்கின்றன. அந்த ஆர்டரும் போனால் கம்பெனிக்கே பூட்டு.

மாமு பெங்களூருக்குப் போன் போட்டார்.

"பழைய கம்ப்ளைண்ட்தான் சார் எங்கிட்ட இருக்குங்க. இது புதுசு. புதுசு எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லைங்க."

முந்தின நாள் வரைக்கும் உள்ள டேட்டா எல்லாம் டேப்பில் நகலாக இருந்தது. புது மெஷினில் ஏற்றினால் போதும். ஆனால் தப்பான டேட்டாவை நம்பி லாரியை அனுப்புவது எப்படி என்று மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

மாமு போனைக் கையால் பொத்திக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "டேட்டா சுத்தமா கீது சார். வேலை பூடுமேன்னு நான் சொன்ன பொய்யி அது. ஏத்துங்க."

பிறகு போனில், "மூடிக்கம்மா."

அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?"

"எங்கனா வேலை கீதுன்னா சொல்லும்மா."

சாயங்காலத்துக்குள் லாரிகள் கிளம்பின. மாமுவை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். கேட்டில் நின்ற எங்களில் ஒருவனுக்கும் சிரிப்பு வரவில்லை. கம்பெனி அப்புறம் சில வருஷம் ஓடியது, நாங்களும் சோறு தின்றோம். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்துவிட்டேன். பாசம் வைத்தது அந்த ஒருத்தர் மேல்தான்.