ஒரு விரல் கம்மி

துணி அலமாரியின் உச்சியில் கோழி உட்கார்ந்திருந்தது. கீழே நாற்காலிமேல் நின்றவனை ஒற்றைக் கண்ணால் அளந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் ஊர்க் கண்களையெல்லாம் சோதிப்பது அவன் வேலை. அவனை யாரும் சோதித்ததில்லை.

"காலைக் கட்டித்தானே கொடுத்தாரு?" என்றாள் மனைவி.

"கட்டினா பயப்படும். பயந்தா கறி மரக்கட்டையாயிடும்னு அவரே சொன்னாரு. அவுத்துவிட்டேன்."

"அங்கேயே அறுத்து வாங்கியிருக்கலாம்ல?"

"கடையில அறுத்தா பாதி ருசி வழியிலேயே போயிடுமாம்."

"இது யார் சொன்னது?"

"அதுவும் அவர்தான்."

அவர் என்பது பின் தெருவில் நாட்டுக்கோழி விற்கும் மீசைக்காரர்.

கோழி இறக்கையை விரித்தது. திரைச்சீலையை இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியேறியது. பாதி ருசி இல்லை, முழு ருசியும் போய்விட்டது.

மதியம் மாமனாரும் மாமியாரும் சாப்பிட வருகிறார்கள். காதல் கல்யாணம். ஒரு வருஷம் ஆகப்போகிறது, மாமனார் இன்னும் ஒருமுறைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. 'தம்பி'தான். தண்ணீர் கேன் போடுகிறவரும் அவருக்குத் தம்பிதான்.

முதன்முதலாக அவர் வீட்டில் சாப்பிட்டபோது இவன் தட்டை வழித்து நக்கிவிட்டான். "நாட்டுக்கோழி, தம்பி. பிராய்லர் தின்னு வளந்த நாக்குக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கும்" என்றார் மாமனார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே ஒருநாள் நாட்டுக்கோழி சமைச்சுப் போடுறேன், மாமா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

மீசைக்காரர் அவனைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"பறந்துடுச்சா? பறக்கிறதுதான் சார் நாட்டுக்கோழி. பறக்கலேன்னாத்தான் நீங்க என்னைச் சந்தேகப்படணும்."

கூடைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். அதற்கு மூச்சு வாங்கியது.

"ஏன் இப்படி இரைக்குது?"

"கூச்ச சுபாவம். புது ஆளுங்களைப் பார்த்தா அப்படித்தான்."

இந்தத் தடவை அவன் ஏமாறத் தயாராக இல்லை. துணிக்கூடையைக் கவிழ்த்து, உள்ளே கோழியை விட்டு, மேலே மாவு டப்பாவைப் பாரம் வைத்தான். கத்தி தீட்டத் திரும்பினான்.

கூடை நடந்தது. கூடத்தைக் கடந்தது. வாசற்படியில் டப்பா விழுந்து திறந்தது. மாவுப் புகை அடங்கியபோது கூடை இருந்தது, டப்பா இருந்தது, மனைவி வெள்ளையாக நின்றாள்.

"ஒரு வார்த்தை பேசாதீங்க. போய் வேற வாங்கிட்டு வாங்க."

மூன்றாவது கோழியின் முதுகில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"தவிட்டுல புரண்டிருக்கு" என்றார் மீசைக்காரர்.

அவன் குனிந்து பார்த்தான். "வலது கால்ல ஒரு விரல் இல்லையே?"

"முதல்ல வாங்கினீங்களே, அதுக்கு?"

அவன் யோசித்தான். "அதுக்கும் இல்லை."

"ரெண்டாவதுக்கு?"

"அதுக்கும்தான் இல்லை."

"பாத்தீங்களா! கலப்படமே இல்லாத ரகம், சார். பரம்பரையா ஒரு விரல் கம்மி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாக அதைச் சொன்னான். "உங்ககிட்ட கண்ணைக் காட்டுறவங்களை நினைச்சா எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

கோழியைக் குளியலறையில் வைத்துப் பூட்டினான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். மேலே காற்றுப்போக்கியில் கண்ணாடிச் சட்டம் ஒன்று உடைந்திருந்தது. அதை அவனுக்கு முன்பே கோழி பார்த்துவிட்டது.

"அப்பா கிளம்பிட்டாராம்" என்றாள் மனைவி, போனைக் காட்டி.

வேறு வழியில்லை. தெருமுனைக் குளிர்பதனக் கறிக்கடைக்கு ஓடினான். அங்கே பிராய்லர் கோழி தோலில்லாமல், தலையில்லாமல், ஓடும் எண்ணமே இல்லாமல் படுத்திருந்தது. அவனுக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

குழம்பு கொதிக்கும்போது மனைவியிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "அப்பா கேட்டா நாட்டுக்கோழின்னு சொல்லிடு."

"நான் வாயே திறக்க மாட்டேன். நீங்களாச்சு, உங்க மாமாவாச்சு."

மாமனார் உட்கார்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார். இனி ஆயுசுக்கும் தம்பிதான்.

"கோழி எங்க வாங்கினீங்க, தம்பி?"

"பின் தெருவுல. மீசைக்காரர்கிட்ட."

மாமனாரின் கை தட்டிலேயே நின்றது. மகள் தண்ணீர் எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு அவன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"வலது கால்ல ஒரு விரல் கம்மியா?"

"ஆமா, மாமா! பரம்பரையாவே..."

"எத்தனை தடவை வாங்கினீங்க?"

அவனுக்கு இப்போதுதான் மூச்சிரைப்பும் தவிடும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மூன்று விரலைக் காட்டினான்.

மாமனார் அவன் தோளில் கை வைத்தார். "சத்தம் போடாம சாப்பிடுங்க, மாப்பிள்ளை."

எதிரே அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"மூணோட விட்டுட்டீங்களா? இவரு அஞ்சு தடவை வாங்கினாரு. அன்னிக்கு நீங்க தட்டை வழிச்சு நக்கினீங்களே, அதுவும் பிராய்லர்தான்."