பம்பரம் உட்கார்ந்த ஒரு மணி நேரம்

நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் இந்த உலகத்தில், பெரிய நாற்காலி கிடைத்தும் அதில் உட்காராத ஒரே மனிதர் எங்கள் பம்பரம்தான். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர். இன்று பத்தி எழுதும் நான், அன்று அவருக்குக் கார் ஓட்டினேன்.

பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, விரிவுரையாளர், துறைத்தலைவர், துணைவேந்தர் என்று ஏறிக்கொண்டே போனார். பதவி ஏற ஏற நாற்காலி பெரிதானதே தவிர, மனிதர் உட்காரவில்லை. நடந்தால்தான் கணக்கு வரும் என்பார். கூட்டங்களில் மேசையைச் சுற்றிக் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பார். அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே பதிவாளருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் மேடையேறும் வரை பொறுக்காமல், இவரே இறங்கிப் போய்ப் பட்டத்தை நீட்டினார். அந்த வருஷம் எல்லார் வீட்டுப் படத்திலும் அவர் முதுகுதான்.

ஆயர் ஈத்தாமில் கார் நெரிசலில் நின்றால் போச்சு. கதவைத் திறந்து இறங்கிவிடுவார். நான் ஊர்ந்து போய்ச் சேரும்போது, மண்பானைக் கடைகளைத் தாண்டி நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

இவருக்கு ஒரு சோதனை வந்தது. புதிதாக ஐந்து பேராவது சேராத துறையை மூடுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அந்த வருஷம் கணிதத்துக்கு வந்தவர்கள் நான்கே பேர்.

"நீங்கதான சார் பெரியவரு? கணக்குக்கு மட்டும் போலே, நடத்தலாம்னு சொல்லிடுங்க லா" என்றேன்.

"என் துறைக்காக விதிய வளைச்சா, நாளைக்கு எவன் என் பேச்ச கேப்பான், அண்ணே?" நான் வயதில் மூத்தவன் என்பதால் அண்ணே. "அந்த நாலு பிள்ளைங்களும் கணக்குதான் வேணும்னு வந்திருக்கு. அன்னிக்கு எனக்குக் கதவ மூடியிருந்தா நான் எங்க போயிருப்பேன்?"

கார் செடெனாக் ஊருக்கு வந்தது. அங்கே திடீரென்று தொடையைத் தட்டினார். "துணைவேந்தர் மாணவரா சேரக்கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லண்ணே!"

"அலமாக்!" என்று வாயைப் பிளந்தேன்.

மறுநாளே முதலாம் ஆண்டில் ஐந்தாவது மாணவராகச் சேர்ந்துவிட்டார். பாடம் எடுத்தவர், முன்பு அவரிடமே படித்த இளம் விரிவுரையாளர். முதல் வாரம் அந்தப் பெண் நடுங்கினார். இரண்டாம் வாரம், பலகையை மறைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தவரை வெளியே அனுப்பினார். மூன்றாம் வாரமும் அதே கதை.

"மூணாவது தடவ வெளிய அனுப்பினா பேர அடிச்சிருவேன் சார். விதி நீங்க போட்டதுதான்" என்றார் விரிவுரையாளர்.

பேர் அடிபட்டால் மிச்சம் நான்கு பேர். துறைக்குப் பூட்டு. அடுத்த வகுப்பின் வருகைப் பதிவுதான் நிர்வாகக் குழுவுக்குப் போக இருந்தது.

அன்று காலை வடக்கே ஒரு கூட்டம். திரும்பும்போது ஆயர் ஈத்தாமில் வழக்கமான நெரிசல். பின்சீட்டில் கதவு திறக்கும் சத்தமே இல்லை.

"இறங்கலியா சார்?"

"உக்காந்து பழகுறேன்ணே. பேசாம ஓட்டுங்க." முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

இரண்டு மணிக்கு வகுப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசி வரிசையில் நாற்காலி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வகுப்பில் விரிவுரையாளர் பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுத் தொலைத்தார். இவர் பாதி எழுந்துவிட்டார். பிறகு மெல்ல உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினார்.

மூன்று மணிக்கு வகுப்பு முடிந்தது. பதிவேட்டில் ஐந்து பேர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், துறை இன்றும் நடக்கிறது.

அன்று வெளியே வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்ணே இப்படி வேர்த்திருக்கு?"

"வெயில் சார்" என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு மணி நேரமும் வராந்தாவில் அவருக்கும் சேர்த்து நான்தான் நடந்துகொண்டிருந்தேன்.