டாக்டரம்மாவை ஒரே ஒரு தடவை கேட்டேன்

ஸ்கோகன், வட டகோட்டா
மே 9

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

தம்பி ஆர்வின் எழுதுவது. இங்கே நான், நாய், வீட்டுக் கூரை மூவரும் ஏதோ நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் டாக்டர் எஃபுவா குவான்சா ஜூன் கடைசியில் ஊரைவிட்டுப் போகிறார். காரணம் வேறு யாருமில்லை, உன் தம்பிதான். கானாவிலிருந்து இங்கே மேற்படிப்புக்கு வந்தவர் அவர். படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பது விசா நிபந்தனை. எங்களைப் போல டாக்டருக்கு ஏங்கிக் கிடக்கும் ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் அது தள்ளுபடி. கிளினிக் கமிட்டித் தலைவன் என்ற முறையில் (நான் கழிப்பறைக்குப் போயிருந்தபோது தேர்ந்தெடுத்துவிட்டார்கள்) மாநில அரசுக்கு மனு எழுதியது நான்தான். எண்பது மைலுக்கு டாக்டர் கிடையாது, நாடி பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் மாட்டு வைத்தியர், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், புத்தியுள்ள எவரும் இங்கே தானாகக் குடிவரமாட்டார் என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். பிறந்த ஊரை இவ்வளவு கேவலமாக எழுத எனக்கு வரும் என்று அதுவரை தெரியாது. உடனே அனுமதி கிடைத்தது.

வந்த முதல் வாரமே டாக்டரம்மா ஒரு தப்புச் செய்தார். பக்கத்து வீட்டு டாக்னி "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்க, இவர் "குடிக்கிறேனே" என்றுவிட்டார். முதல் தடவையிலேயே. டாக்னி அதை மூன்று நாள் ஊரெல்லாம் சொன்னாள். நான்தான் டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு நம் ஊர் மரியாதையைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும், இரண்டாம் தடவையும் வேண்டாம், மூன்றாம் தடவை "சரி, நீங்க இவ்ளோ சொல்றதால" என்று வாங்கிக்கொள்ளவேண்டும். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

இப்போது மூன்று வருஷம் முடியப்போகிறது, மினியாபோலிஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கூப்பிடுகிறது. டாக்டரம்மாவைக் கேட்டுப் பார் என்று கமிட்டி என்னை ஏவியது. போன மாதம் அவர் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். நான் கேட்ட லட்சணம் இது: "நீங்க எங்க இங்கயே இருக்கப் போறீங்க டாக்டர்? இருந்தா நல்லாத்தான் இருக்கும்." அவர் கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே, "அதெல்லாம் எதுக்குங்க, உங்களுக்கு வீண் சிரமம்" என்றார். வெளிநாட்டுக்காரர், மனதில் பட்டதைத்தான் சொல்லியிருப்பார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"கேட்டியா?" என்றாள் டாக்னி. "கேட்டேன், வேணாம்னுட்டாங்க." "அப்ப வழியனுப்பு விழா வச்சிடுவோம். போறவங்களைப் பிடிச்சு இழுத்தா நல்லாவா இருக்கும்?" அப்புறம் எல்லாம் மடமடவென்று நடந்தது, தேவாலயத்து நிலவறையில் இடம் பிடித்தாயிற்று, டாக்னி கேக்குக்கு மாவு வாங்கிவிட்டாள், அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான், "இவ்ளோ சீக்கிரமாவா?" என்று டாக்டரம்மா கேட்டார், மூட்டை கட்ட நேரம் வேண்டுமே என்று சொல்லிவிட்டு நானே பன்னிரண்டு அட்டைப் பெட்டிகளை அவர் வாசலில் இறக்கி வைத்தேன். ஒருவரைப் போகச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி இருந்தால் எனக்கு எழுது.

அக்கா, போன வருஷம் ஜனவரியில் பனி வாரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே விழுந்தேனே, ஹெலிகாப்டர் வரும்வரை ஒரு மணி நேரம் அந்தப் பெண் என்னைவிட்டு நகரவில்லை. அவர் போனால் கிளினிக்கை மூடிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னோடு வந்து இருக்கச் சொல்லி கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை கேட்டாய், ஈஸ்டருக்கு ஒரு தடவை கேட்டாய். இரண்டு தடவையும் மறுத்தேன். மூன்றாம் தடவை நீ இன்னும் கேட்கவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொண்டு சரி என்று எழுதுகிறேன். அத்தானின் தூண்டில் சாமான்களை அந்தப் பின்னறையிலிருந்து எடுத்துவிடு. நாயும் வரும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஆர்வின் டாலஃப்ஸ்ருட்

பின்குறிப்பு: கடிதத்துக்குத் தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார், கையில் நான் எப்போதோ நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்தனுப்பிய கண்ணாடிப் பாத்திரம், அடியில் என் பெயர் ஒட்டியது. நம் வழக்கப்படி வெறுமனே தராமல் கானாச் சோறு நிறைத்திருந்தார். பாத்திரமெல்லாம் திருப்பித் தருகிறார், புறப்பட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். காபி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். மறுபடி சொன்னேன். வேண்டாம் என்றார். மூன்றாம் தடவைக்கு உட்கார்ந்து குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கால் கோப்பை காபிக்கு மூணு தடவை கேட்டீங்க. ஊர்ல இருங்கன்னு மட்டும் ஏன் ஒரே தடவையோட விட்டீங்க? நான் ஒரு மாசமா காத்துக்கிட்டிருக்கேன்."

நான் எழுந்து நின்று இரண்டாம் தடவை கேட்டேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல் "வேணாங்க" என்றார். மூன்றாம் தடவையும் கேட்டேன். "சரி, நீங்க இவ்ளோ சொல்றதால" என்றார். பெட்டிகளை நாளைக்குப் போய் எடுத்து வரவேண்டும்.

தூண்டில் சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அக்கா, உனக்குப் புண்ணியமாகப் போகும், மூன்றாம் தடவை மட்டும் என்னைக் கேட்டுவிடாதே.