புல்லிக்கு வைத்த சந்தனம்

சிதம்பரம்,
5.1.2010

கடலிலிருந்து கரையேறி வரும் அன்பு மாப்பிள்ளை ராபர்ட் அவர்களுக்கு, மாமனார் சின்னையன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். எழிலரசி புதுச்சேரி ஆஸ்பத்திரி வேலையில் நலமாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறாள். மேல்பட்டாம்பாக்கத்தில் உங்கள் அம்மாவும் நலம். கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் இருவரும் போய் கேக் சாப்பிட்டு வந்தோம். உங்கள் நலத்தையும், உங்கள் கப்பலின் நலத்தையும், கேப்டன் முதலானோர் நலத்தையும் அறிய ஆவல். எல்லோர் நலத்தையும் எழுதிவிட்டு, கார் ஒன்றை மட்டும் விட்டிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சென்னையில் இறங்கி, கம்பெனி ஆபீசில் கையெழுத்துப் போடும்போது இதை உங்கள் கையில் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். ஈமெயில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அதை எழிலரசியும் படித்துவிடுவாள். வீட்டுக்கு வந்தபின் நேரில் சொல்லலாம் என்றால் எனக்குத் தைரியமில்லை. சென்னையிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். கொதிக்கும் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக ஆறிவிடுகிறது அல்லவா? அப்படி விழுப்புரம் தாண்டும்போது உங்கள் கோபம் பாதி ஆகும், பண்ருட்டி தாண்டும்போது கால்வாசி ஆகும், வீட்டு வாசலுக்கு வரும்போது வருத்தம் மட்டும் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்து இந்த ஏற்பாட்டைச் செய்தேன்.

பழைய கதை ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று உங்கள் மதத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நின்ற வெள்ளிநிறக் காரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இவ்ளோ வேகமாப் போயி என்ன பண்ணப் போறீங்க?" நீங்கள் தலையைக் குனிந்து சிரித்தீர்கள். பதில் சொல்லவில்லை. பதில் தெரியாத பையன் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டு, கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வருடமும் எழிலரசி என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்படிப்பட்ட என்னிடம், போன முறை கப்பலேறும்போது சாவியை நீட்டி, "மாமா, நீங்க பாத்துக்குங்க" என்றீர்கள். உங்களுக்கு எத்தனையோ நண்பர்கள் இருந்தும் அதை என்னிடம் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து அந்தச் சாவி சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நீங்கள் சொன்னபடி ஞாயிறு காலை தவறாமல் கீரப்பாளையம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். முப்பதுக்கு மேல் போனதில்லை. என்னைச் சைக்கிள்கள் முந்திப் போகும், நான் வருத்தப்படவில்லை.

பிறகு அமெரிக்காவிலிருந்து உங்கள் பெயருக்குப் பார்சல் வந்தது. "வாங்கி வைங்க மாமா, பிரிக்காதீங்க" என்று போனில் சொன்னீர்கள். நான் பிரித்தேன். ஏன் பிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன விடுமுறையில் நீங்கள் கரையில் இருந்தது இருபத்தெட்டு நாள். அதில் பதினொரு நாள் காருக்கு அடியில் இருந்தீர்கள். "அவுரு வந்துருக்காருதாம்மா, ஆனா காலு மட்டுந்தான் தெரியுது" என்று எழிலரசி தன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இந்த முறை பொங்கலுக்கு வருகிறீர்கள். பெட்டியில் இருப்பதை நீங்கள் வருவதற்குள் காரில் மாட்டி வைத்துவிட்டால், என் பெண்ணுக்கு உங்கள் முகமும் தெரியுமே என்று நினைத்தேன். இதற்குமேல் இதில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு கப்பி, அதற்கேற்ற கொஞ்சம் குட்டையான பெல்ட், பழையதைக் கழற்றும் கருவி, படம் போட்ட ஒரு புத்தகம். நீங்களெல்லாம் புல்லி என்பதை நான் முப்பத்தொரு வருடம் கப்பி என்று பாடம் நடத்தியவன். புத்தகத்தை இரண்டு முறை படித்ததும் விஷயம் பிடிபட்டது. சைக்கிளில் முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது. பெரியது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சின்னது மூன்று சுற்றுச் சுற்றிவிடும். உங்கள் காரின் இன்ஜினுக்கு ஒரு துருத்தி இருக்கிறது, கொல்லர் உலையில் இருப்பதுபோல. அது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. அந்தத் துருத்தியைச் சுற்றுவது ஒரு கப்பி. அந்தக் கப்பியைச் சிறியதாக்கினால் துருத்தி வேகமாகச் சுற்றும். காற்று அதிகம் போகும். உலை கூடுதலாக எரியும். இது எட்டாம் வகுப்புப் பாடம். எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு ஒரு கப்பல் இன்ஜினியர் எதற்கு என்று எனக்குத் தோன்றியதே, அங்கேதான் என் அழிவு ஆரம்பித்தது.

கடலூர் முதுநகரில் சிங்காரம் என்று என்னிடம் படித்த மாணவன் இருக்கிறான். மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரன். போனில் விவரத்தைச் சொன்னேன். "கொண்டாங்க சார், கடல்ல ஓடுறதயே ஓட வெக்கிறோம், ரோட்ல ஓடுறதுக்கு என்னா" என்றான். உங்கள் அத்தை மட்டும் தடுத்தார். மார்கழியில் புது வேலை எதையும் தொடங்கக் கூடாது, தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்தால் நீங்கள் வந்துவிடுவீர்களே! நான் காரை எடுத்துக்கொண்டு முப்பது வேகத்தில் கடலூர் போய்ச் சேர்ந்தேன். சிங்காரத்தைக் குறை சொல்லவே கூடாது மாப்பிள்ளை. புத்தகத்தை நான் படித்துப் படித்துச் சொல்ல, அவன் பழைய புல்லியைத் தேங்காயிலிருந்து ஓட்டைப் பிரிப்பதுபோல நோகாமல் கழற்றினான், புதியதை ஏற்றினான், பெல்ட்டை மாட்டினான். எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அப்போதே நான் சாவியைப் போட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

"சார், மார்கழி மாசம். பூச போடாம எப்படி ஸ்டார்ட் பண்றது?" என்றான் சிங்காரம். அவன் கைபட்ட எந்தப் படகு இன்ஜினும் பூசை இல்லாமல் தண்ணீரில் இறங்கியதில்லையாம். அவன் மனைவி தைலம்மாள் கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்து எடுத்து வந்தாள். கற்பூரம், எலுமிச்சம்பழம், பூ எல்லாம் வந்தன. புதிதாக மாட்டிய பொருளுக்கு மூத்தவர் கையால்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள். ஒரு விரலால் தொட்டு வைத்திருக்கலாம். மார்கழித் தோஷம், உங்கள் அத்தையின் தடை, பிரிக்காதீர்கள் என்று நீங்கள் சொன்னது, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பரிகாரமாக இருக்கட்டும் என்று மூன்று விரலால் அள்ளி, புல்லியைச் சுற்றிச் சுற்றி, மாப்பிள்ளை நெற்றிக்கு நலங்கு வைப்பதுபோல அப்பினேன். அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஸ்டார்ட் செய்ததும் ஒரு சத்தம் கேட்டது. கரும்பலகையில் புதுச் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு இழுத்தால் வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளுமே, அந்தச் சத்தம், ஆனால் தெரு முழுவதும் கேட்கும்படி. "புது பெல்ட்டு சார், நாலு கிலோமீட்டர் ஓடுனா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டுச் சிங்காரமும் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நாலு கிலோமீட்டர் ஆயிற்று, எட்டு ஆயிற்று. எங்களுக்கு முன்னால் போன பஸ்கள் ஆம்புலன்ஸ் வருகிறது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டன. ஆலப்பாக்கம் தாண்டியதும் சத்தம் சட்டென்று நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அது சத்தம் அடங்கியதில்லை, பெல்ட் முழுதாக வழுக்க ஆரம்பித்ததால் வந்த அமைதி என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் காரில் பேட்டரிக்கும் தண்ணீர் பம்புக்கும் துருத்திக்கும் ஒரே பெல்ட்டாமே. பேட்டரி விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து நிற்க ஆரம்பித்தது. புதுச்சத்திரம் அருகே வண்டியை ஓரம் கட்டினோம்.

இன்ஜின் ஆறும்வரை ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. அரிசி மில்லில் பெல்ட் வழுக்கினால் குங்கிலியத் தூள் போடுவார்கள். கடையில் குங்கிலியம் இல்லை. சாம்பிராணி இருந்தது. இரண்டும் மரத்துப் பிசின்தானே என்று நானே அதை நுணுக்கிப் பெல்ட்டில் தூவினேன். சிங்காரம், "சார், வேணாம் சார்" என்று ஒரு முறை சொன்னான். ஒன்பதாம் வகுப்பில் தோற்றுப்போனவன் சொல்வதை நான் எப்படிக் கேட்பேன்? கார் கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர் நன்றாகவும் ஓடியது. பிறகு பானட்டின் இடுக்கு வழியாகப் புகை வந்தது, வெள்ளையாக, மணக்க மணக்க. அன்று சிதம்பரத்தில் மார்கழித் தேர். சாலையோரம் நடந்துபோன பக்தர்கள் திரும்பிப் பார்த்து, இரண்டு கையாலும் அந்தப் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மா ஜன்னல் வழியாக என் மடியில் ஒரு ரூபாய் போட்டார். அதற்குப் பிறகு உங்கள் கார் ஓடவில்லை.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு இறக்கிவிட்டுக் காலி டிரெய்லரோடு திரும்பிய ஒரு டிராக்டர்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். வழியெல்லாம் டிரெய்லரிலிருந்து காய்ந்த கரும்புச் சோகை பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கைப் பலமாக மிதிக்க வேண்டும் என்பது, வெள்ளாற்றுப் பாலத்தின் முன் டிரெய்லர் நின்றபோது எனக்குத் தெரிந்தது. முன்பக்கக் கிரில்லில் இரண்டு பல் போய்விட்டன. ஊருக்குள் நுழைந்தால் தேர்க் கூட்டம். அன்று சிதம்பரத்தில் கயிறு கட்டி இழுக்கப்பட்ட வண்டிகளில் கடைசியாக வந்தது உங்களுடையது. என்னிடம் படித்த நாலைந்து பேர் கூட்டத்திலிருந்து "வணக்கம் சார்" என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் கீரப்பாளையத்திலிருந்து சுப்பராயலு வந்தார். அரிசி மில் வைத்திருப்பவர், நாற்பது வருடம் பெல்ட்டோடு வாழ்ந்தவர். பானட்டைத் திறந்து, புல்லியின் பள்ளத்தில் நகத்தை விட்டுச் சுரண்டி, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"சார், இது யாரு வச்ச சந்தனம்?"

"நான்தான்."

"நீங்க சயின்ஸ் வாத்தியாரு தான?"

நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உராய்வு இல்லாவிட்டால் உலகத்தில் எதுவும் ஓடாது, கண்ணாடிமேல் நடப்பவன் விழுவான், எண்ணெய்க் கையால் குடத்தைப் பிடித்தால் நழுவும் என்று முப்பத்தொரு வருடம் எடுத்துக்காட்டுச் சொன்ன வாய் இது. வழவழவென்று அரைத்த சந்தனத்தைக் கப்பியின் பள்ளத்தில் அப்பிவிட்டு பெல்ட் ஏன் வழுக்குகிறது என்று சாம்பிராணி போட்டவனும் நான்தான். சிங்காரம் ஒன்பதாம் வகுப்பில் தோற்றது யாருடைய தப்பு என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மாப்பிள்ளை, சூட்டில் இன்ஜினுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. கார் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஞாயிறன்று எழிலரசி, "கார் எப்படிப்பா இருக்கு?" என்றாள். "தூங்குதும்மா" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய். நீங்கள் என்னை நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு பொருள். அதை நான் கெடுத்துவிட்டேன். நாளைக்குச் சிங்காரத்தை வரச்சொல்லி, பழைய புல்லியையே மாட்டிவிடப் போகிறேன். புதியதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். சாவியை மேல்பட்டாம்பாக்கத்தில் உங்கள் அம்மாவிடம் ஒப்படைத்துவிடுகிறேன். இனி அந்தக் காரை நான் தொடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கீரப்பாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிறேன். என்னைத் திட்டுவதென்றால் என்னைத் தனியாகத் திட்டுங்கள். என் பெண்ணிடம் முகத்தைக் கடுமையாக்க வேண்டாம். வேகம் எதற்கு என்று அன்று கேட்டவன் நான். வேகத்தைக் கூட்டப் போய் இப்படி நின்றுவிட்டேன். போதும்.

நீங்களும் எழிலரசியும் நீண்ட நாள் நிறைவாக வாழவேண்டும், நீங்கள் போகும் கடலெல்லாம் அலை குறைவாக இருக்க வேண்டும் என்று உங்கள் அத்தையோடு சேர்ந்து வாழ்த்துகிறேன்.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
உங்கள் மாமா,
ப. சின்னையன்
(ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் சிங்காரம் வந்துவிட்டான். பழையதை மாட்டச் சொன்னேன். "ஒரே ஒரு தடவ சுத்தம் பண்ணிப் பாத்துடலாம் சார்" என்றான். இந்த முறை அவன் பேச்சைக் கேட்டேன். பல் துலக்கும் பிரஷ்ஷும் பெட்ரோலும் கொண்டு புல்லியின் பள்ளங்களைத் தேய்த்தான். பெல்ட்டை உங்கள் அத்தை சீயக்காய் போட்டு அலசிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றினோம், ஸ்டார்ட் செய்தோம். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். மூன்று பேருமாகக் கீரப்பாளையம் வரை பார்த்து வரலாம் என்று கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் வழக்கமாக மிதிக்கும் அளவுதான் மிதித்தேன் மாப்பிள்ளை. சுப்பராயலுவின் மில் தாண்டிப் போனதை நான் பார்க்கவே இல்லை, திருப்பிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. "சார், மெதுவா சார்" என்று சிங்காரம் சொன்னான். பின்சீட்டிலிருந்து உங்கள் அத்தை, "இன்னோரு தடவ போயிட்டு வரலாமாங்க?" என்றார்.

ஆகவே மேலே எழுதியதில் கிரில்லின் இரண்டு பல்லைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். பழைய புல்லி வேண்டாம். சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பெண் கேட்டு வந்த அன்று நான் கேட்ட கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியவில்லை. இன்று யாராவது கேட்டால் எனக்கும் தெரியாது, உங்களைப்போலவே தலையைக் குனிந்து சிரிப்பேன். நீங்கள் விடுமுறை முழுவதும் எழிலரசியோடு இருங்கள், காரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதைவிடச் சிறிய புல்லி ஒன்றின் படம் இருக்கிறது. சென்னையில் எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு வரவும். சந்தனம் வைக்கமாட்டேன்.